சாட்சியக் கொழம்பு வைக்காத மாப்ள

வா மாப்ள, வா. திண்ணையில ஒக்காரு. கோழி செத்துப்போச்சாமுல்ல? எப்பிடித் தெரியும்னு கேக்காத. உங்கம்மா எனக்கு ஒடம்பொறந்த அக்கா, அவ தொண்டை எனக்குத் தெரியும். மகாராஜபுரத்துல அவ போட்ட கூப்பாடு தாணிப்பாறை அடிவாரம் வரைக்கும் கேட்டு, சதுரகிரிக்குப் போற சனம் யாரு வீட்டுலயோ எழவுன்னு நின்னு விசாரிச்சிருக்கும்.

தீர்ப்பெல்லாம் வந்து சேந்துருக்குமே? கண்ணு பட்டுருச்சுன்னு ஒருத்தி. வெள்ளிக்கெழமை வெளக்கு வச்ச பெறகு முட்டைய வெளிய குடுத்த பாவம்னு ஒருத்தி. கோடாங்கிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு ஒரு பெருசு. நான் இல்ல, இன்னொரு பெருசு. நீ படிச்சவன், பெங்களூருக் கம்பெனி வேலைய வீட்டுல இருந்து பாக்குறவன், செல்லுல தட்டி ஒரு கட்டு நோய்ப் பேரோட வந்திருக்க. எங்கக்காளுக்கு அதெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் வெசம் வச்சுட்டான், அம்புட்டுத்தான். வேலித் தகராறு போன வருசம், கோழிச் சாவு இந்த வருசம், ரெண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு எம்புட்டு நேரமாகும்?

கோழி எதனால செத்துச்சுன்னு தெருவுல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. கோழியத்தான் ஒருத்தரும் பாக்கல.

ஆமா, இது ரெண்டாவது சாவுல்ல? முதக் கோழி தலையத் தொங்கப்போட்டு நின்னுச்சே, அத என்ன செஞ்ச? ஏன் மண்டையச் சொறியுற? மசாலா வாசம் எங்க வீடு வரைக்கும் வந்துச்சுய்யா. மாமனுக்கு ஒரு கிண்ணம் குடுத்துவிடணும்னு ஒனக்கும் தோணல, ஆத்தாளுக்கும் தோணல. அன்னைக்கு மனசு கசந்துதான் படுத்தேன். இன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு குலசாமியக் கையெடுத்துக் கும்பிட்டேன், கிண்ணம் வராததுக்கு.

நம்மூருப் பழக்கம் அது. கோழி லேசா சொணங்குனாப் போதும், சாகுறதுக்குள்ள அறுத்துருன்னு அருவாமனையத் தேடுவாக. கொலைக் கேசுல இருக்குற ஒரே சாட்சியக் கறியாக்கித் தின்னுட்டு, கோர்ட்டுல போயி நியாயம் கேக்குற மாதிரிதான். கொதிக்கிற கொழம்புல கிருமி செத்துரும், வாஸ்தவம். வெசம் வெந்துபோகுமா? எலிமருந்தத் தின்ன கோழியா இருந்தா, பருத்திக்கு அடிச்ச மருந்தத் தின்ன கோழியா இருந்தா, எம்புட்டு மல்லிப்பொடி போட்டாலும் அது வெசந்தான். கிருமியாவே இருக்கட்டும், கொழம்பு கொதிக்கிறதுக்கு முந்தி என்ன நடந்துச்சு? எறகு பிச்ச எடம், கழுவி ஊத்துன தண்ணி, வீசியெறிஞ்ச கொடலு. அதக் கிண்டிக் கொத்துனது யாரு? மிச்சமிருந்த கோழிக. நோய்க்கு எல போட்டு பந்தி பரிமாறிட்டு, பக்கத்து வீட்டுக்காரனத் தேடுறீக.

சரி, செத்தத எங்க வச்சிருக்க? சாக்குக்கு அடியிலயா? வெயில்லயா? ஏ, கேளு. கோழிக்கு உசுரோட இருக்கையிலயே ஒடம்புச் சூடு 41 டிகிரி, ஒனக்கு எனக்கு 37. மேல எறகுப் போர்வை வேற. செத்த பெறகும் அந்தச் சூடு லேசுல எறங்காது. நம்ம வெயில்ல பொழுது உச்சிக்கு வாரதுக்குள்ள வயிறு உப்பி, உள்ள பச்சை பாஞ்சிரும். அதுக்கப்புறம் டாக்டரு அறுத்துப் பாத்தா தெரியுறது அழுகல் மட்டுந்தான். அதனால கையில பாலித்தீன் பையச் சுத்திக்கிட்டு, மூக்கக் கட்டிக்கிட்டு, கோழிய ரெண்டு பையில போட்டு இறுக்கிக் கட்டு. மீன்காரர்கிட்ட ஐஸ் வாங்கி அதுக்கு நடுவுல வை. ஒறைய வைக்கக்கூடாது, ஒறைஞ்சு எளகுனா சதையும் ஈரலும் கொழகொழத்து ஒண்ணும் தெரியாது. வீட்டு ஃபிரிட்ஜுல இட்லி மாவுக்குப் பக்கத்துல வச்சுராத தங்கம். அப்புறம் எங்கக்கா கேக்குற நியாயத்துக்கு நான் வந்து பஞ்சாயத்துப் பேச முடியாது.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு முந்தி டாக்டரு கேக்கப்போற கேள்வி நாலஞ்ச நான் கேக்கேன். பதில் தெரியாமப் போயி நின்னீன்னா, கம்பெனியில மீட்டிங்குல முழிப்பியே, அந்த முழிதான் முழிக்கணும்.

செத்தது ஒத்தையாவா, வரிசையாவா? ஒரே ஒரு கோழி, நல்லாத் தின்னு கொழுத்து, மத்ததுக்கெல்லாம் ஒண்ணுமில்லைன்னா அது ஒரு கத. ரெண்டு மூணு நாளுல ஒண்ணு பின்னால ஒண்ணா விழுந்தா அது வேற கத.

ஒத்தக் கோழிக் கதைய முதல்ல முடிச்சிருவோம். முட்டைக் கோழியா இருந்தா பின்பக்கத்தத் தடவிப் பாரு, முட்ட வெளிய வராம மாட்டிக்கிட்டு முக்கி முக்கிச் செத்திருக்கும். சித்திரை வைகாசியில பொழுது சாயுற நேரத்துல பொசுக்குனு விழுந்திருந்தா வெக்கை. கோழிக்கு வேர்க்காதுய்யா, வேர்வைச் சுரப்பியே கெடையாது, வாயத் தெறந்து இரைச்சுத்தான் சூட்ட வெளிய விடும். கொழுத்த கோழியும் தகரக் கூரையும் சேந்தா அவ்வளவுதான். நீ போட்டிருக்கியே, புதுசாத் தகரக் கொட்டகை, கேட்டும் பூட்டுமா. அதுக்குள்ள மத்தியானம் ஒரு மணி நேரம் நீ ஒக்காந்து லேப்டாப்புல வேலை பாரு, அப்பத் தெரியும்.

நம்ம ஊரு மலையடிவாரம். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் ஒட்டுன கொல்லை. பாம்பு வராம என்ன செய்யும்? கண்ணாடிவிரியன் போட்டிருந்தா கடிபட்ட எடம் வீங்கிக் கருத்துக் கெடக்கும். கட்டுவிரியன் போட்டிருந்தா தடம் தேடிக் கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. கீரியோ வெருகோ வந்திருந்தா எறகு செதறிக் கெடக்கும், கழுத்துல பல்லு பதிஞ்சிருக்கும். ராஜபாளையம் நாய் கட்டிப்போட்டிருக்கேன் மாமான்னு பெருமையாச் சொன்னியே? நல்ல நாய்தான், நெஞ்சு நிமுந்து நிக்கும். திருடனப் பிடிக்கும், கிருமியப் பிடிக்குமா?

இப்ப வெசத்துக்கு வருவோம். அதுக்குத்தான் உங்கம்மா காத்துக்கிட்டிருக்கா. வெசம்னா கோழியோட தொண்டைப்பையில, நெஞ்சுக்கு மேல முட்டிக்கிட்டு இருக்குமே, அங்க இருக்கணும் தடயம். நல்லா ரொம்பிக் கெடந்து, வாயில நொரை தள்ளி, காலு வெறச்சுக் கெடந்தா யோசிக்கலாம். தெறந்து பாத்தா மக்காச்சோள வெதை செவப்பாவோ பச்சையாவோ சாயம் ஏறி இருக்கும். அது வெதை நேர்த்தி செஞ்ச வெதை. கடையில வெதைக்கிறதுக்குன்னு விக்கிறது, மருந்து பெரட்டி வரும். அந்தப் பை யாரு வீட்டுத் தாழ்வாரத்துல வாயத் தெறந்து கெடந்துச்சு? போன மாசம் நான் ஒங்க வீட்டுக்கு வந்தப்ப அது மேலதான் துண்டப் போட்டு ஒக்காந்தேன். அப்புறம் பரண்ல எலிக்கு மருந்து உருட்டி வச்சீக. அதுல கருப்பாப் பொடி இருக்கே, ஜிங்க் பாஸ்பைடு, அது வயித்துக்குள்ள போயி வாயுவா மாறும். பூண்டு வாசம் மாதிரி அடிக்கும்பாக. அடிக்குதான்னு நீ போயி தொண்டைப்பையக் கீறி மோந்து பாக்காத, அந்த வாயு மோந்தவனையும் சாய்க்கும். டாக்டருகளே காத்தாட்டமான எடத்துல வச்சுத்தான் அதத் தெறப்பாக.

ஆக வெசம்னு வழக்குப் போடப்போற ஆளு, முதல்ல தன் வீட்டுப் பரண்ல ஏறி எறங்கணும்.

உங்க கோழிக் கத அது இல்ல மாப்ள. ஒங்க கொல்லைய நேத்தே எட்டிப் பாத்துட்டேன். நீ கோழி மூஞ்சியப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டிருந்த. நான் அதோட பீயப் பாத்தேன். வெள்ளையும் பச்சையுமாத் தண்ணியா எறங்கி, பின்னால எறகெல்லாம் ஒட்டிக் கெடக்கு. மூலையில ஒரு விடை நின்னுச்சு, கழுத்து ஒரு பக்கமாத் திருகி, ஆகாசத்தப் பாத்துக்கிட்டு. ஒரு காலும் ஒரு எறக்கையும் வரல. கொத்த வந்தா எரை ஒரு பக்கம் இருக்கு, மூக்கு ஒரு பக்கம் போவுது. அதப் பாத்துட்டு, ‘மாமா, இது டான்ஸ் ஆடுது’ன்னு சொல்லி வீடியோவும் எடுத்த. எடுத்தியா இல்லியா?

அதுக்குப் பேரு வெள்ளைக்கழிச்சல். இங்கிலீசுல கேட்டா நியூகாசில் நோய்ம்பாக, நம்ம தேசத்துல ராணிக்கெட் நோய்ம்பாக. 1926-ல சாவாத் தீவுலயும் இங்கிலாந்துல நியூகாசில்ங்கிற துறைமுகத்துலயும் கோழிக கும்பல் கும்பலாச் செத்துச்சு. அதுக்கு அடுத்தாப்புல 1927, 28 வாக்குல நம்ம நாட்டுல, இமயமலைப் பக்கம் குமாவுன்ல ராணிக்கெட்டுன்னு பட்டாளத்து ஊரு, அங்கயும் அதே சாவு. பாவம், அந்த ஊருக்காரன் என்ன செஞ்சான்? நூறு வருசமாகப்போவுது, தமிழ்நாட்டுல எந்த மூலையில கோழி கழிஞ்சாலும் அந்த ஊரு பேரத்தான் இழுக்குறோம். தடுப்பூசி போடாத கூட்டத்துல நோய் நொழஞ்சா பத்துக்கு எட்டு ஒம்போது போயிரும். சில சமயம் பஞ்சாரத்தக் கழுவிக் கவுத்த வேண்டியதுதான். நோய் வந்த பெறகு அதத் தீக்குற மருந்து கெடையாது. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் பொடிச்சுப் போட்டேன்னு சொன்னியே, அது ஒன் மனசாந்திக்கு. வைரசுக்கு அது கேக்காது.

ஆனா நான் சொல்லுறதயும் நம்பாத. கழுத்து திருகினதெல்லாம் கழிச்சல்தான்னு சத்தியம் பண்ண நான் என்ன மைக்ராஸ்கோப்பா? சத்துக் கொறைஞ்சாலும் கழுத்து முறுக்கும். கோழிக் காலரான்னு ஒண்ணு இருக்கு, ராத்திரி நல்லா அடைஞ்ச கோழி காலையில பஞ்சாரத்துக்குள்ள செத்துக் கெடக்கும், கொண்டை நீலம் பாஞ்சு. பாரீசுல லூயி பாஸ்டர்னு ஒரு மகராசன் அந்தக் காலராக் கிருமியத்தான் பழசாக்கி, கோழிக்குப் போட்டுப் பாத்து, 1880-ல தடுப்பூசி வித்தைய ஒலகத்துக்குச் சொன்னாரு. குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும், அது வேற கிருமி. வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோல சொணங்கித்தான் நிக்கும். வகுறு தெறந்தாத்தான் வக தெரியும்.

தெறக்குறது நீ இல்ல. துணி தொவைக்கிற கல்லுல வச்சு யூடியூப் பாத்து அறுக்கப்போறேன்னு சொன்னியாம், எங்கக்கா அழுதா. வத்திராயிருப்போ ஸ்ரீவில்லிபுத்தூரோ, மாட்டாஸ்பத்திரி இருக்கு, கொண்டுபோ. ராஜபாளையத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க விசாரி. பெரிய கேசுன்னா திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 1962-க்கு அடிச்சா வண்டி வரும். அது உசுரோட கெடக்குறதுக்கு. செத்துப்போனதுக்கு ஆம்புலன்ஸ் கூப்புடாத, ஊரே சிரிக்கும்.

கோழி வெல என்ன, ஆட்டோக் கூலி என்னன்னு கணக்குப் போடுற பாரு. செத்த கோழிக்கா செலவழிக்கச் சொல்றேன்? அடைஞ்சு கெடக்கே மிச்சம், அதுகளுக்கு.

டாக்டரு எப்பிடிப் பாப்பாருன்னு நான் பாத்திருக்கேன். எறகத் தண்ணியில நனைச்சுட்டுத்தான் தொடுவாரு, தூசி பறந்தா மூக்குல ஏறும்ல. நெஞ்செலும்ப மேல கெளப்பி முதல்ல ஈரலப் பாப்பாரு. காலரான்னா ஊசி முனையளவு வெள்ளப்புள்ளி தெளிச்சிருக்கும். அப்புறம் நீயும் நானும் கழுவித் திங்கிறோமே அந்த அரைக்கிற பை, அதுக்கு முன்னால வெரலு மொத்தத்துக்கு ஒரு சின்னப் பை இருக்கு. நாம அத ஒரு பொருட்டா மதிக்கிறதில்ல. அவரு அதத்தான் கத்திரியால நீளவாக்குல கீறி, மலத்திப்போட்டு, சளியத் தொடைப்பாரு. உள்ள வரிசையாப் பொடிப்பொடியா முண்டு இருக்கும். ஒவ்வொரு முண்டு நுனியிலயும் ஒரு ரத்தப்புள்ளி நின்னா, கழிச்சல்னு அவருக்கு முக்காவாசி தெரிஞ்சிபோகும். கொடலு முடியுற எடத்துல ரெண்டு கெளை பிரியுமே, அங்கயும் ரத்தம் கட்டியிருக்கும். அப்பவும் அவரு வாயத் தெறந்து சொல்லமாட்டாரு. துண்டு எடுத்து சோதனைக்கு அனுப்புவாரு. பாத்துக்க, படிச்சவரு புண்ணக் கண்ணால பாத்தும் சொல்லல. எங்கக்கா ஒண்ணையும் பாக்காம பேரு ஊரு வெலாசத்தோட சொல்லிட்டா.

காரணம் தேடுறதுல ஒரு கத சொல்லணும். சாவாவுலதான், இன்னைக்கு ஜகார்த்தாங்கிறோமே அந்த ஊருல, ஐக்மான்னு ஒரு டச்சுக்கார டாக்டரு. 1880-களோட கடைசி. மனுசருக்குக் காலு வெளங்காமப் போற பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக் கோழி வளத்தாரு. கோழிக தள்ளாடி விழுந்துச்சு. கிருமி போட்டதும் விழுந்துச்சு, போடாததும் விழுந்துச்சு. மனுசன் தலையப் பிச்சுக்கிட்டு இருக்கையில, ஒரு நாளு எல்லாம் தானா எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிருச்சு! விசாரிச்சா, அதுவரைக்கும் பட்டாளத்து ஆஸ்பத்திரியில மிஞ்சுன வெள்ளச்சோத்தப் போட்டிருக்காக. புதுசா வந்த சமையக்காரன், பட்டாளத்துச் சோறு சிவில் கோழிக்கு ஆகாதுன்னு நிறுத்திட்டான். அதனால தீட்டாத அரிசி போட்டாக, தவிட்டுல இருந்த சத்து கோழியக் காப்பாத்திருச்சு. பின்னால அதத்தான் வைட்டமின் பி1-ன்னாக. ஐக்மானுக்கு 1929-ல நோபல் பரிசு. அந்தக் கஞ்சப்பய சமையக்காரனுக்கு ஒண்ணும் கெடைக்கல. எனக்கு அதுல இன்னைக்கும் வருத்தந்தான்.

அவரு கேட்ட கேள்விய நான் ஒங்கிட்டக் கேக்கேன். கோழி விழுறதுக்கு முந்தி ஒன் வீட்டுல என்ன மாறுச்சு? தீவனம் மாறல. தண்ணி மாறல. யோசி. போன வாரம் சந்தையில பெருவிடைச் சேவலு ஒண்ணு வாங்கிட்டு வந்து, தெருவெல்லாம் தூக்கிக் காட்டி, அன்னைக்கே பஞ்சாரத்துக்குள்ள விட்டியே? வெலை சல்லிசுன்னு வேற சொன்ன. சல்லிசா ஏன் குடுத்தான்னு கேட்டியா? கழிச்சல் ஒடம்புல ஏறி வெளிய தெரிய ரெண்டு நாளும் ஆகும், ரெண்டு வாரமும் ஆகும். சாதாரணமா அஞ்சாறு நாளு. புதுசா வந்தத ரெண்டு மூணு வாரம் தனியாக் கட்டிப் போட்டுப் பாத்துட்டுச் சேக்கணும். அந்தச் சேவலு இப்ப எங்க? அதுதான் செத்த ரெண்டாவதா! அதச் சொல்ல இம்புட்டு நேரமா?

இன்னொண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. முதக் கோழிய அறுத்தப்ப கொடலையும் எறகையும் எங்க போட்ட? கண்மாயிலயா? ...வேலிக்கு அங்கிட்டா? போச்சு. பக்கத்து வீட்டுல நாட்டுக்கோழி ஒரு கூட்டமே மேயுது. வெசம் வச்சுட்டான்னு கத்திக்கிட்டிருக்கீக, அவன் கோழி நாளைக்கு விழ ஆரம்பிச்சா வழக்கு யாரு மேல யாரு போடுறது? இன்னைக்கே போயி, தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘அண்ணே, எங்க வீட்டுல நோய் கண்டிருக்கு, ஒங்க கோழிய அடைச்சு வைங்க’ன்னு சொல்லிட்டு வா. உங்கம்மாவக் கூட்டிட்டுப் போகாத.

கொல்லையில காக்காயோ மயிலோ சேந்து செத்துக் கெடக்கான்னும் பாத்துக்க. அப்பிடி இருந்தா ஒண்ணையும் தொடாம நேரா மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிரு. 2006-ல மகாராஷ்டிராவுல நவாப்பூருங்கிற ஊருல பறவைக் காய்ச்சல் மொத தடவை வந்தப்ப லட்சக்கணக்குல கோழியக் கொன்னு பொதைச்சாக. அது மனுசனையும் தொத்தும்.

டாக்டரு பாத்த பெறகு ஆழமாக் குழி வெட்டி, சுட்ட சுண்ணாம்பப் போட்டுப் பொதை. நாய் தோண்டாத ஆழம், ராஜபாளையம் நாய் தோண்டாத ஆழம். நோய் கண்டதத் தனியா வை; நல்லதுக்கு முதல்ல தீனி போட்டுட்டு அப்புறம் இதுக்குப் போடு, திருப்பிச் செய்யாத. செருப்பக் கழுவு. பஞ்சாரத்த வெயில்ல காயப்போடு.

பெறகு தடுப்பூசி. குஞ்சு பொரிச்ச மொத வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. எட்டு வாரத்துல எறக்கைக்கு அடியில ஒரு ஊசி. ராணிப்பேட்டையில 1932-ல இருந்து அரசாங்கத்து நிறுவனம் இருக்கு, அங்கதான் மருந்து தயாராகுது. மாசி வாக்குல, பிப்ரவரியில, ரெண்டு வாரம் கோழிக்கழிச்சல் முகாம்னு ஊரு ஊரா வந்து போடுறாக. போன முகாமுக்கு மைக்குக் கட்டிக் கூப்புட்டாக. எங்கக்கா என்ன சொன்னா தெரியுமா? ஊசி போட்டா முட்டை கொறையும்னா. இப்ப எம்புட்டு முட்டை வருதுன்னு நான் கேக்கமாட்டேன், அடி வாங்க முடியாது.

அடுத்த முகாமுக்கு ஒரு வாரம் முந்தியே குடல்புழு மருந்து குடுத்துரு. முகாம் அன்னைக்கு ஒம்போது மணிக்கு டாக்டரு வந்து நிக்கையில கோழியத் தொரத்தாத. நீ ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம், கோழி தென்ன மட்டையில. முந்துன நாளு பொழுதடையக் கூட்டுல ஏறுச்சுன்னா, கருக்கல்ல போயி ஒவ்வொண்ணா எடுத்துப் பஞ்சாரத்துல கவுத்து வச்சிரு. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ஒரு பஞ்சாரம் இரவல் கேளு, ஒன்னோடது பத்தாது. அவன் தருவான். நான் காலையிலயே பேசி வச்சுட்டேன், அவன் எனக்குச் சீட்டாட்டத்துல கூட்டாளி. எங்கக்காகிட்டச் சொல்லிராத.